பால்குடத்தன்று கண்ட ரத்தம்

மர்பி டவுன்,
9-11-97, ஞாயிற்றுக்கிழமை

மௌரீன் அக்காவுக்கு யசோதா எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆறாவதோடு நின்றவள் என்றாலும் அது ஞாபகம் இருக்கிறது. ஆனால் கை ஓடவில்லை. நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எனக்கு வயிறு எரியும். நன்றாக இல்லை என்று தெரிந்தாலும் எனக்கு ஒன்றும் ஆறாது.

சிந்துவைப் புதைத்த மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தபோது எங்கள் வீட்டு முன்னால் நின்றிருந்தீர்கள். “பாவி, என் புள்ளையத் தின்னுட்டியே, இனி இந்தப் பக்கம் தலை காட்டாத” என்று கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. நீங்கள் திரும்பிப் போனீர்கள். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள நான் இதை எழுதவில்லை. எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். உங்களை விட்டால் கேட்க ஆள் இல்லை. மாத்திரை விஷயம் தெரிந்தது நாம் இரண்டு பேர்தான்.

மூத்தது வயிற்றிலேயே செத்துப்போய், ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். சிந்துவையும் ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அப்போது உள்ளே பழைய தையல் பிரிந்து நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். “இன்னொண்ணு உண்டானா தாய் தங்கமாட்டா” என்று டாக்டரம்மா சொன்னதை அங்கே ஆயாவாக இருந்த நீங்கள்தான் என் காதில் வந்து சொன்னீர்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு என் மாமியார் ஒப்பவில்லை. ஆம்பளைப் பிள்ளை இல்லாமல் கத்தி வைக்கக் கூடாதாம். என் வீட்டுக்காரர் அம்மா பேச்சைத் தாண்டாதவர். மூன்று வருடம் எப்படியோ தள்ளினேன். இந்த மே மாதம் நீங்கள் மாத்திரை அட்டை கொண்டுவந்து கொடுத்தீர்கள். இருபத்தொரு வெள்ளை, ஏழு பழுப்பு.

முதல் அட்டையிலேயே ஆரம்பித்தது. வெள்ளை பத்து தீர்வதற்குள் ஒரு கறை, டீ டிகாஷன் நிறத்தில். இரண்டு நாள் இருக்கும், நிற்கும், மறுபடியும் வரும். “மொத மூணு மாசம் அப்படித்தான் எட்டிப் பாக்கும், விடாம முழுங்கு” என்றீர்கள். நீங்கள் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். எங்கள் வீட்டில் தூரம் என்றால் கதவோரம் பாய், தனித் தட்டு, அடுப்பைத் தொடக் கூடாது. ஒரே மாதத்தில் மூன்று தடவை ஒதுங்கினேன். மாமியார் லட்சுமம்மா, “ஏண்டி, மாசத்துக்கு எத்தினி தடவ உக்காருவ? வியாதியா, இல்ல வேலைக்குக் கள்ளமா?” என்றார். அதை உங்களிடம் சொன்னபோது, “உன் மாமியாருக்குக் காலண்டரே வேணாம்டி, உன்னப் பாத்தே தேதி சொல்லிடும்” என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு சின்னக் கறைகளை மறைத்தேன். மறைத்துக்கொண்டே சமைத்தேன், விளக்கேற்றினேன்.

ஆடி மூன்றாம் ஞாயிறு பால்குடம். சிந்துவுக்கு ஓயாமல் சளி பிடிக்கிறதே என்று அவளுக்காக வேண்டிக்கொண்டது. அல்சூர் ஏரிப் பக்கத்திலிருந்து குடம் எடுத்து மார்க்கெட் தாண்டும்போது எனக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சள் புடவை. தலையில் குடம். இறக்கி வைத்தால் ஏன் என்று கேட்பார்கள். இறக்காமல் நடந்தேன். கோயிலுக்குள் போனேன். என் கையால் அம்மனுக்குப் பால் ஊற்றினேன்.

பதினோராம் நாள் சிந்துவுக்கு உடம்பெல்லாம் தட்டம்மை. எட்டாம் நாள் போய்விட்டாள்.

அக்கா, அது தூரமா, இல்லை மாத்திரை ரத்தமா? எனக்கு இது மட்டும் தெரிந்தால் போதும். தூரத்தோடு கோயிலுக்குள் போனேனா, இல்லையா? ஒரு வரி எழுதுங்கள். வீட்டுக்கு எழுத வேண்டாம். தொம்மலூர் சட்டைக் கம்பெனிக்கு எழுதுங்கள். காலர் லைன் யசோதா என்று போட்டால் என் கைக்கு வரும்.

யசோதா


விவேக் நகர்,
14-11-97

அன்புள்ள யசோ,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் டூட்டிப் புடவையைக் கூட மாற்றாமல் உட்கார்ந்து படித்தேன். ஆண்டவர் தேற்றுவார் என்று எழுத வந்தேன். நீ இதைக் கிழித்துப் போட்டுவிடுவாய் என்று எழுதவில்லை.

கேட்டதற்கு நேராகச் சொல்கிறேன். அது தூரம் இல்லை. மாத்திரை ரத்தம். நானாகச் சொல்லவில்லை, பிரசவ வார்டு நர்ஸிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். பழுப்பு மாத்திரை சாப்பிடுகிற வாரத்தில் வருவது ஒன்று, வெள்ளை நடக்கும்போது கறையாக எட்டிப் பார்ப்பது வேறு. புது மருந்துக்கு உடம்பு பழகும் வரை கர்ப்பப்பையின் உள்தோல் அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக உதிருமாம். மாத்திரை மறந்துபோனாலும் வருமாம். நீ அந்த வாரம் விரதம், மஞ்சள் தண்ணி என்று அலைந்ததில் இரண்டு நாள் முழுங்காமல் விட்டுவிட்டதாக என்னிடம் சொன்னாயே, அதுதான். அதனால் நீ தூரத்தோடு கோயிலுக்குள் போகவில்லை. உன் அம்மன் சாட்சியாக நீ சுத்தமாகத்தான் போனாய். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

எங்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது. வியாழக்கிழமை சர்ச் நவநாள் பூசைக்கு நாங்கள் எப்படி இருந்தாலும் போவோம். சாமிக்கு இதெல்லாம் பார்க்க நேரம் ஏது? ஆனால் நீ வளர்ந்த விதம் வேறு, அதைக் குறை சொல்லவில்லை.

அட்டை தீர்ந்திருக்குமே? இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். யார் கையில் கொடுத்தனுப்ப? சாப்பிடுகிறாயா இல்லையா? உன் பக்கத்து மிஷின் பெண்ணைப் பஸ்ஸில் பார்த்தேன். டிபன் டப்பாவைத் திறக்காமலே கொண்டுபோகிறாய் என்றாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இன்றைக்கு முடியவில்லை.

மௌரீன்


மர்பி டவுன்,
30-11-97

மௌரீன் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கம்பெனி பாத்ரூமில் படித்தேன். அங்கே போக டோக்கன் வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் கதவைத் தட்டுவார்கள். தட்டினார்கள். நான் திறக்கவில்லை.

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் எழுதினீர்கள். ஆனால் நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. தூரமாக இருந்திருந்தால் அம்மன் பொறுத்திருப்பாள். அவளும் பெண்தானே. அது அவள் கொடுத்தது, தானாக வருவது, என் கையில் இல்லை. மாத்திரை ரத்தம் என்றீர்களே, அது நானாக வரவழைத்தது. பிள்ளை வேண்டாம் என்று முழுங்கி முழுங்கி வந்த ரத்தம். பிள்ளை வேண்டாம் என்று வயிற்றில் வைத்துக்கொண்டு, பிள்ளையைக் காப்பாற்று என்று தலையில் பால் தூக்கிப் போயிருக்கிறேன். அவள் பார்த்தாள். வேண்டாமா, சரி என்று எடுத்துக்கொண்டாள்.

நீங்கள் எழுதிய அன்றைக்கு மறுநாளே படித்தேன். ஞாயிற்றுக்கிழமை அட்டையைச் சாக்கடையில் போட்டேன். வெள்ளை ஒன்பது மிச்சம், பழுப்பு ஏழு. மூன்றாம் நாள் புதன்கிழமை கொட்டியது. கம்பெனியில் மிஷினில் இருக்கும்போதே. வெள்ளைச் சட்டை ஆர்டர். மடியில் இருந்த பீஸில் பட்டுவிட்டது. சூப்பர்வைசர் கோதண்டராமன் அதைத் தூக்கி லைன் முழுக்கக் காட்டினான். “ஏம்மா, எக்ஸ்போர்ட் பீஸு இது. உங்க வூட்டுக் கரித்துணியா?” பக்கத்து மிஷின் கன்னடப் பெண் வெட்டு மிச்சத் துணிகளைச் சுருட்டி, “பர்வாகில்ல, தகோ அக்கா” என்று கையில் திணித்தாள். எனக்கு வெட்கம் கூட வரவில்லை. எல்லாம் வெளியே போகட்டும், அந்த மருந்து முழுக்கப் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். புதைக்கும் முன்னால் அத்தை சிந்துவின் வலது காலில் கரியால் ஒரு கோடு இழுத்தார். “இந்தக் கோட்டோட உங்கம்மா வயித்துக்கே திரும்பி வந்துரு கண்ணு” என்றார். எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்வதுண்டு. வருடத்துக்குள் வந்துவிடுவார்கள் என்பார்கள். அவள் வருகிற வழியில் தினம் ஒரு மாத்திரை போட்டு நானே அடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது திறந்துவிட்டேன். என் வீட்டுக்காரரிடமிருந்தும் இனி ஒதுங்குவதில்லை.

டாக்டரம்மா சொன்னது மறக்கவில்லை. தாய் தங்கமாட்டாள் என்றார். பிள்ளை தங்காது என்று சொல்லவில்லை.

உங்கள் அட்டைகளை வேறு யாருக்காவது கொடுங்கள்.

யசோதா


விவேக் நகர்,
4-12-97

யசோ,

நேற்றுச் சாயங்காலம் உன் கம்பெனி கேட்டில் நின்றேன். ஆறு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குள் குனிந்து போனாய். குனிந்தாலும் உன் நடை எனக்குத் தெரியாதா?

நான் சண்டை போட வரவில்லை. காலில் விழ வந்தேன்.

சிந்து பிறந்த அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் யார் நின்றது? நான். உள்ளேயிருந்து வந்த துணிகளை யார் அலசியது? நான். பக்கெட்டில் தண்ணீர் நாலு தடவை மாற்றியும் சிவப்பு போகவில்லை. உன் கர்ப்பப்பை நைந்த துணி மாதிரி இருக்கிறது, தையல் பிடிக்கவே இடம் இல்லை என்று டாக்டரம்மா மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டே சொன்னார். நீ தையல்காரி. நைந்த துணியில் மறுபடி ஊசி போட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? அது பத்தாம் மாதம் வரை கூடக் காத்திருக்காது. ஏழிலோ எட்டிலோ கிழிந்தால் நீயும் போவாய், வயிற்றில் இருப்பதும் போகும். தாய் போனால் பிள்ளை தங்கும் என்று எந்த டாக்டர் உனக்குச் சொன்னார்?

அம்மன் தண்டித்தாள் என்கிறாய். இந்த ஆடியில் உங்கள் தெருவில் எத்தனை பிள்ளைக்கு அம்மை போட்டது, எண்ணிப் பார். எனக்குத் தெரிந்து ஏழு. தண்ணீர்க் குழாய் பக்கத்து வீட்டு இரட்டைப் பிள்ளைகள். இட்லிக்காரம்மா பேரன். மூலை வீட்டு பாயம்மா மகள் கூட. பாயம்மா என்ன, பால்குடமா எடுத்தாள்? ஏழு அம்மாக்களும் மாத்திரை முழுங்கினார்களா? அது ஒட்டுகிற நோய், யசோ. ஒரு பிள்ளை தும்மினால் தெருவே வாங்கிக்கொள்ளும். உன் பாவாடைக் கறையைத் தேடிக்கொண்டு அது வரவில்லை.

மாத்திரை உனக்கு ஒத்துவரவில்லை என்றால் விடு. வேறு வழி எத்தனையோ இருக்கிறது. டாக்டரம்மாவிடம் நானே கூட்டிப்போகிறேன். ஆனால் ஒன்றும் இல்லாமல் இருக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

மௌரீன்


மர்பி டவுன்,
4-1-98

மௌரீன் அக்காவுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் ஒரு மாதம் இருந்தேன்.

ஏழு பிள்ளைகள் என்று எழுதியிருந்தீர்கள். எண்ணிப் பார்த்தேன், சரிதான். நேற்று இட்லிக்காரம்மா பேரன் எங்கள் வீட்டு முன்னால் பம்பரம் விட்டான். இரட்டைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். பாயம்மா மகளுக்குப் பல் விழுந்திருக்கிறது, எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிகிறது.

எல்லாருக்கும் வந்தது. எல்லாரும் பிழைத்தார்கள். என் பிள்ளை மட்டும் ஏன் பிழைக்கவில்லை? ஒட்டுகிற நோய் என்றால் அவளிடம் மட்டும் ஏன் இப்படி? இதற்கு உங்கள் நர்ஸ் என்ன சொல்வார் என்று கேட்டு எழுதுங்கள். பதில் இருக்காது. எனக்குத் தெரியும் ஏன் என்று.

இன்றோடு நாற்பத்தாறு நாள். வரவில்லை. அன்றைக்குக் கம்பெனியில் கொட்டியதுதான் கடைசி. காலையில் வாய் கசக்கிறது. அத்தை ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் நேற்று என் தட்டில் இரண்டாவது தடவை குழம்பு ஊற்றினார். சிந்து போனதிலிருந்து இந்த வீட்டில் யாரும் என் தட்டைப் பார்த்ததில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். காலையில் பாத்ரூமில் பாவாடையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கறை இருக்கக் கூடாது என்று பார்க்கிறேனா, இருக்க வேண்டும் என்று பார்க்கிறேனா, எனக்கே தெரியவில்லை.

யசோதா


விவேக் நகர்,
8-1-98

யசோ,

உன் பிள்ளை மட்டும் ஏன் என்று கேட்டிருக்கிறாய். நர்ஸைக் கேட்க வேண்டியதில்லை. பதில் எனக்கே தெரியும். நவம்பரில் எழுதாமல் விட்டது இதுதான். இதைப் படித்த பிறகு நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய். பரவாயில்லை.

அவளுக்கு அம்மை போட்ட ஐந்தாம் நாள், திங்கட்கிழமை, மத்தியானம் நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீ மஞ்சளும் வேப்பிலையும் வாங்கப் போயிருந்தாய். உன் மாமியார் கதவில் கை வைத்து நின்றார். “உள்ள ஆத்தா இருக்கா. நீ ஆசுபத்திரித் துணியோட வந்து நிக்கிற. போ, அப்புறம் வா” என்றார். அவர் கைக்குக் கீழே எனக்கு உள்ளே தெரிந்தது. வேப்பிலை மேல் படுத்திருந்தாள். மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. கையில் வாட்ச் இருந்தது. எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு அறுபத்திரண்டு.

யசோ, நான் இரண்டு வருடம் குழந்தை வார்டில் தரை துடைத்தவள். படிக்காதவள்தான். ஆனால் அந்தக் குழி விழுந்தால் நர்ஸ்கள் ஓடுவார்கள், அது தெரியும். அம்மை நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அத்தனை பேரில் அவளுக்குத்தான் இறங்கியது, ஏற்கெனவே சளி நெஞ்சு.

“இந்தப் புள்ளய ஒடனே தூக்கணும்மா” என்றேன். ஒரே ஒரு தடவை. “தண்ணி ஊத்தாம வெளிய எடுத்தா கண்ணு போயிரும். உங்க வழக்கம் வேற, எங்க வழக்கம் வேற” என்றார் உன் மாமியார். நான் கத்தியிருக்க வேண்டும். தெருவைக் கூட்டியிருக்க வேண்டும். அவரைத் தள்ளிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். செய்யவில்லை. ஏன் தெரியுமா? சண்டை முற்றினால் வாய் தவறி மாத்திரை விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். உன் வாழ்க்கை போய்விடும், என் வேலை போய்விடும் என்று பயந்தேன். இரண்டு மணி டூட்டிக்கு நேரமாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். சாயங்காலம் உனக்குச் சொல்லி அனுப்பலாம் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. மறுநாளும் அனுப்பவில்லை. வியாழக்கிழமை அவள் இல்லை.

அன்றைக்கே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாளா? சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த மூச்சோடு வந்த பிள்ளைகள் பிழைத்து வீட்டுக்குப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். மூன்று தடவையும் மன்னித்துவிட்டார். அவருக்கு என்ன, அவர் சிந்துவைத் தூக்கி வைத்திருந்தாரா?

உன் அம்மன் கேட்டது ஒன்றும் இல்லை. நீ கொடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை. பழி ஏற்க ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.

மாத்திரையை நடுவில் விட்டால் நாள் முறை தப்பி இரண்டு மாதம் கூட வராமல் இருக்குமாம். உண்டாகியும் இருக்கலாம். சிறுநீர் பரிசோதனை செய்தால்தான் தெரியும். செவ்வாய், வெள்ளி டாக்டரம்மா இருப்பார். சீக்கிரமே வந்தால் உன் உயிரைக் காப்பாற்ற வழி இருக்கிறது, நாள் போகப் போக அது குறையும். நான் இருப்பது பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கு லீவு போட்டுவிடுகிறேன். நீ மட்டும் வா.

மௌரீன்


விவேக் நகர்,
17-1-98

யசோ,

மூன்று நாட்கள் போய்விட்டன. வெள்ளி, செவ்வாய், மறுபடி வெள்ளி. ஓ.பி. வரிசையில் உன்னுடையது மாதிரி வருகிற ஒவ்வொரு பச்சைப் புடவையையும் பார்த்தேன். உன் கம்பெனிக்கு ஆள் அனுப்பினேன். ஐந்து நாளாக நீ வேலைக்கு வரவில்லை என்றார்கள். இந்தக் கடிதம் உன் கைக்குப் போகுமா என்று தெரியாது.

இருக்கிறாய் என்று மட்டும் தெரியப்படுத்து. வெறும் கார்டு போதும். திட்டி எழுது.

மௌரீன்


மர்பி டவுன்,
23-1-98, வெள்ளிக்கிழமை காலை

மௌரீன் அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் கையில் நானே கொடுப்பேன். நேரில் பார்த்தால் எனக்கு வாய் வராது, அதனால் எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ஆட்டோ கூப்பிடப் போயிருக்கிறார்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று அத்தையிடம் கேட்டேன், “மௌரீனக்கா அன்னிக்கு வந்தாங்களா?” என்று. “வந்தா. மூச்சு சரியில்லன்னா. நாந்தான் போகச் சொன்னேன். ஏன் கேக்குற?” என்றார். முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், கல்லையும் அரிசியையும் ஒன்றாகவே பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

என் வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். மாத்திரை, பால்குடம், சாக்கடை, டாக்டரம்மா சொன்ன வார்த்தை, எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “அந்த மூச்சு எனக்கும் கேட்டுச்சு யசோ. நம்ம பாலிஷ் வேலைல உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி கரகரன்னு. அம்மா சொன்னாங்கன்னு பேசாம இருந்துட்டேன்” என்றார். அவர் அழுததை நான் அதுவரை பார்த்ததில்லை.

எல்லாருக்கும் கேட்டிருக்கிறது அக்கா. உங்களுக்கு வெளியிலிருந்து கேட்டது. எனக்கு? என் மடியில்தானே படுத்திருந்தாள். அந்தக் குழி என் கைக்குக் கீழேதான் விழுந்தது. எனக்கு எண்ணத் தெரியாதா? அவளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று ஏழாம் நாள் எழுந்து நின்றேன். “எங்க போற?” என்று கேட்டார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

அந்த உட்கார்ந்ததை நினைக்க என்னால் முடியவில்லை. கறையை நினைத்துக்கொண்டிருந்தால் அது நினைவுக்கு வராமல் இருந்தது.

நேற்றைக்கு முன்தினம் ரத்தம் வந்துவிட்டது. அறுபத்து மூன்று நாள் கழித்து. இது எந்த ரத்தம் என்று எனக்குத் தெரியாது. தள்ளிப்போன தூரமா, உண்டாகிக் கலைந்ததா. கட்டி கட்டியாக வருகிறது, இடுப்பு வலிக்கிறது. அவர் பார்த்துவிட்டு நேற்றே கிளம்பச் சொன்னார். நான்தான், வெள்ளிக்கிழமை டாக்டரம்மா இருப்பார் என்றேன். இன்று காலை எழுந்து நின்றபோது கண் இருட்டியது. சுவரைப் பிடித்து உட்கார்ந்தேன். அத்தை வந்தார். கதவோரம் பாயில் இருந்தவளைத் தொட்டுத் தூக்கினார். இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருடத்தில் அந்த நாட்களில் அவர் கை என் மேல் பட்டதில்லை. ஒரு டம்ளர் வெல்லத் தண்ணீர் கலந்து கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

டாக்டரம்மா எப்போதிலிருந்து, எத்தனை நாள், எவ்வளவு என்று கேட்பார். மே மாதத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். நான் விட்டுவிட்டால் நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள். இனி உண்டாகாமல் இருக்க ஆபரேஷன் செய்யலாமா என்றும் கேட்க வேண்டும். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கதவை மூடிவிட்டால் சிந்து எங்கே வருவாள் என்று இன்னும் என் மனசு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மன்னிக்கவில்லை. என்னையும் மன்னிக்கவில்லை. இன்று என்னோடு பேச வேண்டாம். ஆனால் லீவு போட்டுவிட்டுப் போகாதீர்கள். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.

வாழ வேண்டும் என்று எனக்கு இன்னும் ஆசை வரவில்லை. ஆனால் போன மாதம் வரை செத்துப்போக ஒரு ஆசை இருந்ததே, இன்று காலை கண் இருட்டியபோது அதைத் தேடிப் பார்த்தேன். இல்லை. சுவரைத்தான் பிடித்தேன்.

ஆட்டோ சத்தம் கேட்கிறது.

யசோதா